அந்த வரவு எங்கிருந்து வந்தது? விசிட் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்

31 ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தேன், அதில் பாதிக் காலம் கடன் பிரிவில். யார் கணக்கு அறிக்கையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாலும் இருப்புத் தொகையைப் பார்ப்பதற்கு முன் வரவுப் பத்தியில் விரலை ஓடவிடுவேன். கடன் கேட்டு வருவதற்குப் பத்து நாள் முன்பு திடீரென்று ஒரு பெரிய தொகை விழுந்திருந்தால், "இது யார் பணம்?" என்று கேட்காமல் விட்டதில்லை. அப்படிப்பட்ட நான் பிரிட்டனில் இருக்கும் மகளைப் பார்க்க விசிட் விசா கேட்டேன். கிடைக்கவில்லை. காரணம், அதே கேள்விதான்.

நடந்தது இது. ஐந்து ஆண்டு வைப்புத்தொகை ஒன்று முதிர்ந்து, விண்ணப்பம் போடுவதற்கு 9 நாள் முன்பு என் சேமிப்புக் கணக்கில் வந்து சேர்ந்தது. என் மாத ஓய்வூதியத்தைப் போல 14 மடங்கு. அறிக்கையில் அந்த வரிக்கு நேரே இருந்தவை ஒரு நீண்ட எண்ணும் மூன்றெழுத்துச் சுருக்கமும் மட்டுமே. வங்கிக்காரியான எனக்கு அதைப் பார்த்ததுமே வைப்பு முடிந்த வரவு என்று தெரியும். எங்கோ உட்கார்ந்து படிக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? வைப்புச் சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருந்தது. பைலில் இல்லை. வருமானத்துக்குப் பொருந்தாத தொகைக்கு விளக்கம் இல்லை, ஆகவே சொந்த நிலைமையைச் சரியாகக் காட்டியதாகக் கருத முடியவில்லை, ஆகவே பயண முடிவில் திரும்புவார் என்றும் நம்ப முடியவில்லை என்று மூன்று படிகளில் கடிதம் முடிந்திருந்தது. கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

இரண்டாம் முறை கிடைத்தது. அதன்பின் உறவில் யார் விசா போட்டாலும் பைல் என் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுகிறது. அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

நிராகரிப்பு கூடியிருப்பது பிரமையல்ல. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம் ஷெங்கன்; அதன் குறுகிய கால விசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் நூறு விண்ணப்பங்களில் ஏறத்தாழ ஐந்து நிராகரிக்கப்பட்டன. 2023-இல் ஒரு கோடியே மூன்று லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள்; நூற்றுக்கு 16 கிடைக்கவில்லை. 2024-இல் விண்ணப்பங்கள் ஒரு கோடியே 17 லட்சமாயின. நிராகரிப்பு 15-ஐ ஒட்டி நின்றது. இத்தனை கோப்புகளுக்கு நடுவே உங்கள் கோப்புக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். அதிகாரி உங்களுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சந்தேகம் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், வருகிறவர் குடியேறத்தான் வருகிறார் என்ற அனுமானத்திலிருந்தே தொடங்குகிறது; அதைக் கலைப்பது உங்கள் வேலை.

பணம்

முதலில் ஆறு மாதக் கணக்கு அறிக்கையை அச்சிட்டு, ஒரு பென்சிலோடு உட்காருங்கள். சம்பளம் அல்லது ஓய்வூதியம் அல்லாத ஒவ்வொரு பெரிய வரவையும் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு தாள் வேண்டும். வைப்பு முதிர்வா, சான்றிதழ். நிலம் விற்ற பணமா, பத்திரம். தம்பி திருப்பிக் கொடுத்த கடனா, நீங்கள் முன்பு அவருக்கு அனுப்பியது தெரியும் பழைய அறிக்கை. தாள் கிடைக்காத வட்டம் இருந்தால், அது பழையதாகும்வரை விண்ணப்பத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். பிரிட்டனின் வழிகாட்டுக் குறிப்பே பணம் இருப்பதோடு அது வந்த வழியும் தெரிய வேண்டும் என்று கேட்கிறது.

இரண்டாம் முறை விண்ணப்பத்தோடு வைத்த என் விளக்கக் கடிதத்தில் (கவரிங் லெட்டர்) ஒரு வரி இப்படி இருந்தது: "கணக்கு அறிக்கை பக்கம் 7, மார்ச் 12 வரவு: ஐந்து ஆண்டு வைப்பின் முதிர்வுத் தொகை. சான்றிதழ் இணைப்பு 4." அதே எண்ணை அறிக்கையின் ஓரத்திலும் குறித்தேன். கடிதம் மொத்தமே ஒரு பக்கம்தான். அந்த நாட்டின் பண்பாட்டின் மீது எனக்குள்ள காதலைப் பற்றி ஒரு சொல் இல்லை. இப்போது கணினியே எழுதித் தரும் கடிதங்கள் சில என் மேசைக்கும் வருகின்றன. பத்துப் பேருக்குப் பெயரை மாற்றி அனுப்பலாம் போல இருக்கின்றன, பக்க எண் ஒன்றுகூட இருப்பதில்லை.

இருப்பைப் பெரிதாகக் காட்டுவதற்காக யாரிடமாவது வாங்கிப் போட்டு எடுக்கும் பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். சில ஏஜென்டுகள் அதையே ஒரு சேவையாக விற்கிறார்கள். வரவு எந்தத் தேதியில் வந்தது என்பதை எந்த ஏஜென்டாலும் மறைக்க முடியாது. இருப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். நான் திருப்பிக் கேட்பது, பயணச் செலவு உங்கள் ஓர் ஆண்டுச் சேமிப்பைவிட அதிகமா என்பதுதான். மூன்றாண்டுச் சேமிப்பை இரண்டு வார உலாவில் கரைக்கப் போவதாக விண்ணப்பம் சொன்னால், படிப்பவருக்கு அது சுற்றுலாவாகத் தெரியாது. அப்படியானால் பயணத்தைச் சுருக்குங்கள்.

செலவை மகனோ மகளோ ஏற்கலாம். ஆனால் அவர்கள் பக்கமும் அதே கணக்குத்தான்: உறவுக்கு ஆதாரம், அங்கே சட்டப்படி இருப்பதற்கு ஆதாரம், சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வீட்டில் தங்க இடம் இருக்கிறது என்று காட்டும் வாடகை ஒப்பந்தம். பிள்ளை எல்லாம் பார்த்துக்கொள்வான் என்று தம் கணக்கு அறிக்கையையே வைக்காமல் விடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பணம் பிள்ளையுடையதாக இருந்தாலும், உங்கள் வாழ்க்கை இங்கேதான் நடக்கிறது என்பதை உங்கள் கணக்குதான் சொல்லும். மாதா மாதம் போகும் மின் கட்டணம்கூட நல்ல சாட்சி.

பார்க்கவா, பார்த்துக்கொள்ளவா

அண்ணி ஒருவர் விண்ணப்பத்தில் பயண நோக்கத்தைத் தமிழில் எழுதி என்னிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தார். "மகள் வேலைக்குப் போவதால் பேரனைப் பார்த்துக்கொள்ள." நம் வாயில் அது பாசம். படிவத்தில் அது வேலை. விசிட்டராகப் போகிறவர் அங்கே வேலை செய்யக் கூடாது. சம்பளம் இல்லாவிட்டாலும் காப்பகத்துக்குப் பதிலாக ஆறு மாதம் ஆள் வருகிறது என்று படித்தால் அதிகாரி தயங்குவார். "அண்ணி, உண்மையில் எதற்குப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். பேரனின் முதல் பிறந்தநாள், ஐந்து வாரம், பிறகு இங்கே கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறது என்றார். அதுதானே உண்மை, அதை எழுதுங்கள் என்றேன். மகள் தரும் அழைப்புக் கடிதத்திலும் அதே ஐந்து வாரம் இருந்ததா என்றும் பார்த்தேன். மூன்று மாதம் என்று இருந்தது! மாற்றி வாங்கினோம். அறுவை சிகிச்சை நாள் குறித்த சீட்டையும் இணைத்தோம்; திரும்புவதற்கு அதைவிட நல்ல காரணம் வேறென்ன?

தேதிகள் ஒன்றோடொன்று இடிப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. தம்பி மகன் ஐரோப்பா போகத் தயாரித்த பைலில் அலுவலக விடுப்புக் கடிதம் 12 நாள், பயணத் திட்டம் 16 நாள். மீதி நான்கு நாளும் சனி, ஞாயிறு என்றான். அதை யார் எண்ணிப் பார்ப்பது? எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்புவார் என்று ஒரு வரி சேர்த்துக் கடிதத்தைப் புதிதாக வாங்கச் சொன்னேன். அவனே செய்த இன்னொரு காரியம்: பாரீஸில் நான்கு இரவு, ரோமில் ஆறு இரவு தங்கப் போகிறவன், விண்ணப்பம் கொடுக்க நேரம் சீக்கிரம் கிடைக்கிறது என்று பிரான்சுக்கு விண்ணப்பிக்கப் பார்த்தான். ஷெங்கனில் எந்த நாடு உங்கள் முதன்மை இலக்கோ, அதாவது அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ, அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் சமமானால்தான் முதலில் நுழையும் நாடு.

எதை வைப்பது, எதை எடுப்பது

தடித்த பைல் நல்ல பைல் அல்ல. பிரிட்டனுக்கு வைக்க வேண்டாதவை என்று அவர்களே ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள்: ஓட்டுநர் உரிமம், படிப்புச் சான்றிதழ், குடும்பப் புகைப்படம், கிரெடிட் கார்டு அறிக்கை, ஓட்டல் முன்பதிவு, பயணக் காப்பீடு. விமான டிக்கெட்டும் அதில் உண்டு, வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்கிச் செல்பவர்களைத் தவிர. ஷெங்கனில் இதற்கு நேர்மாறு. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு இல்லாமல் விண்ணப்பமே நிற்காது. தங்குமிடத்துக்கும் பயணத் திட்டத்துக்கும் ஆதாரம் கேட்பார்கள். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் கொடுக்கப்பட்டதாகவும், அங்கிருந்து கிளம்பிய பிறகு மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். ஒரு நாட்டுக்குப் போட்ட பைலை அப்படியே அடுத்த நாட்டுக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் இல்லாத தாள்களுக்கு முழு மொழிபெயர்ப்பு வேண்டும். பிரிட்டனுக்கு அதில் மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். பெயரில் தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் விரித்தும் எழுதப்பட்டிருந்தால், இருவரும் ஒருவரே என்பதைக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

காலக்கெடு: ஷெங்கனுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். முடிவு பொதுவாக 15 நாளில், சில நேரம் 45 நாள்வரை. பிரிட்டனுக்கு மூன்று மாதம் முன்பிருந்து; முடிவுக்கு வழக்கமாக மூன்று வாரம். கோடை விடுமுறைக்கு முன் எல்லாமே இழுக்கும்.

படிவத்தைப் பிறரை நிரப்பச் சொன்னாலும் சமர்ப்பிப்பதற்கு முன் ஒவ்வொரு பதிலையும் நீங்களே படியுங்கள். ஏஜென்ட் தவறாகப் போட்டார் என்ற சமாதானம் எடுபடாது. குறிப்பாக, இதற்கு முன் எந்த நாடாவது விசா மறுத்ததா என்ற கேள்வி. எட்டு ஆண்டுக்கு முன் மறுத்ததை யார் பார்க்கப் போகிறார்கள் என்று "இல்லை" போட்டுவிடாதீர்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் விரல்ரேகை வழியே தகவல் பகிர்ந்துகொள்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவான தகவல் தொகுப்பு உண்டு. பழைய மறுப்பு ஒரு குறை மட்டுமே. அதை மறைப்பது ஏமாற்று. ஏமாற்றுக்குப் பிரிட்டனில் பத்து ஆண்டுத் தடை வரலாம், கனடாவில் ஐந்து ஆண்டு, அமெரிக்காவில் வாழ்நாள் முழுதும்.

மறுத்துவிட்டால்

அன்றைக்கே மறுபடி விண்ணப்பிக்காதீர்கள். என் முதல் எண்ணமும் அதுதான். கட்டணம் திரும்ப வராது, அதே பைலுக்கு அதே பதில்தான் வரும். கடிதத்தை இரண்டு நாள் கழித்து, பென்சிலோடு, வாக்கியம் வாக்கியமாகப் படியுங்கள். அதிகாரி எந்தத் தாளைப் பார்த்து அதைச் சொன்னார் என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் எழுதுங்கள். எனக்கு எல்லா வாக்கியமும் கணக்கு அறிக்கையின் பக்கம் 7-க்கே போனது.

பிரிட்டனின் விசிட்டர் விசா மறுப்புக்குச் சாதாரணமாக மேல்முறையீடு கிடையாது; ஓட்டையை அடைத்துப் புதிதாக விண்ணப்பிப்பதுதான் பெரும்பாலோர் வழி. காத்திருக்க வேண்டிய கால வரம்பும் இல்லை. ஷெங்கனில் காரணங்கள் அச்சிட்ட ஒரே மாதிரிப் படிவத்தில் கட்டத்தில் குறி போட்டுத் தருவார்கள். மறுத்த நாட்டின் சட்டப்படி மேல்முறையீடு செய்யலாம். ஜெர்மனி தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வழியை 2025 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டது. இப்போது நீதிமன்றம் அல்லது புதிய விண்ணப்பம். முந்தைய மறுப்பு ஒன்றைக் காட்டியே புதியதைத் தானாக மறுக்கக் கூடாது என்று ஷெங்கன் விதியே சொல்கிறது. கனடாவானால், அங்கே உள்ள ஒருவர் மூலம் அதிகாரி எழுதிய உள்குறிப்பைக் கேட்டுப் பெறலாம். பொதுவான மறுப்புக் கடிதத்தைவிட அதில் விஷயம் இருக்கும்.

புதிய விண்ணப்பத்தில் பழைய மறுப்பை நீங்களே முதல் பத்தியில் சொல்லிவிடுங்கள்: இன்ன தேதியில் மறுக்கப்பட்டது, காரணம் இது, அதற்கான தாள் இணைப்பு இத்தனை. அதிகாரி தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை வைக்காதீர்கள்.

விசா கிடைத்த பிறகும் பைலைக் கலைக்க வேண்டாம். விசா இருந்தாலும் இறங்கும் இடத்தில் எல்லை அதிகாரி கேள்வி கேட்கலாம், உள்ளே விட மறுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அழைப்புக் கடிதம், திரும்பும் டிக்கெட், மகளின் முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றின் நகலைக் கைப்பையில் வையுங்கள், சரக்கில் போகும் பெட்டியில் அல்ல. நான் வைப்புச் சான்றிதழையும் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண் கேட்டது எத்தனை வாரம் என்று மட்டும்தான். ஐந்து என்றேன், முத்திரை குத்திக் கொடுத்தாள்.