பஸ் முகவரியை நீங்களே கணக்குப் போடாதீர்கள்: டிரைவர் எழுதுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிரைவர், அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் கர்னல் நிரல், எழுத உட்காரும்போது முதலில் ஒரு தாளில் மூன்று பத்தி கோடு போட்டுக்கொள்வேன். முதல் பத்தி மெய்நிகர் முகவரிக்கு. கர்னல் நிரலில் பாயின்டராக நம் கையில் இருப்பது அதுதான். இரண்டாவது பௌதிக முகவரிக்கு; மெய்நிகரைப் பௌதிகமாக மாற்றும் பேஜ் டேபிளைத் தாண்டி சிபியூ போய்ச் சேரும் இடம். மூன்றாவது பஸ் முகவரிக்கு; கார்டோ கன்ட்ரோலரோ தன் பக்கத்திலிருந்து பார்க்கிற எண். கையேட்டிலோ லாகிலோ கண்ணில் படும் ஒவ்வொரு எண்ணும் இந்த மூன்றில் எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்று தெரிந்த பிறகுதான் நிரலில் கை வைப்பேன்.

இந்தப் பழக்கம் மூன்று நாள் அலைந்து திரிந்ததில் வந்தது. தரவு பிடிக்கும் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுக்கு நான் எழுதிய லினக்ஸ் டிரைவர், எக்ஸ்86 கணினியில் இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. அதையே ஒரு ஆர்ம்64 போர்டுக்குக் கொண்டுபோனோம். கம்பைல் ஆனது, கார்டு தெரிந்தது, இன்டரப்ட்டும் வந்தது. பஃபரில் மட்டும் தரவு வரவில்லை. பஃபர் முழுவதையும் 55 என்ற பைட்டால் நிரப்பிவிட்டு டிஎம்ஏவை, அதாவது சிபியூ தலையிடாமல் கார்டே ரேமில் எழுதும் முறையை, தொடங்கினேன். வேலை முடிந்ததாக இன்டரப்ட் வந்த பிறகும் அத்தனை பைட்டும் 55 ஆகவே இருந்தது. கேஷ் பழையதைக் காட்டுகிறதோ என்று தேடியதில் முதல் நாள் முழுக்கப் போனது. கேஷில் கோளாறு இல்லை. கார்டு எழுதத்தான் செய்தது, வேறு எங்கோ எழுதியது. அந்த இடத்தில் கர்னலின் வேறு ஏதாவது தரவு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது உடம்பு சில்லிட்டது.

காரணம் ஒரே வரி. நினைவகம் ஒதுக்கும் கேமாலாக் கொடுத்த பாயின்டரை விர்ட்_டு_ஃபிஸ் வழியாகப் பௌதிக முகவரியாக மாற்றி, வந்த எண்ணை அப்படியே கார்டின் ரெஜிஸ்டரில் எழுதியிருந்தேன். ஐஓஎம்எம்யூ (சாதனங்கள் அனுப்பும் முகவரிகளை மாற்றித் தரும் வன்பொருள்) இயங்காத எக்ஸ்86 கணினியில் பௌதிக முகவரியும் பஸ் முகவரியும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் தப்பு இரண்டு வருடம் தலைகாட்டவே இல்லை. புதிய போர்டில் இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையான இடைவெளி இருந்தது.

எண்களை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று பிடிபடும். முதல் ராஸ்பெரி பையில் இருந்த பிசிஎம்2835 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இனி வரும் முகவரிகள் எல்லாம் பதினாறடிமான எண்கள்; இ என்றால் 14. அந்தச் சிப்பின் கையேடு ஜிபிஐஓ (பொது உள்ளீடு-வெளியீட்டுப் பின்கள்) ரெஜிஸ்டர்கள் 7இ200000-ல் இருப்பதாகச் சொல்கிறது. அது பஸ் முகவரி. சிபியூவுக்கு அதே ரெஜிஸ்டர்கள் 20200000-ல் தெரிகின்றன. இந்தக் கணக்கு, போர்டில் எந்த வன்பொருள் எங்கே இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பில் ‘ரேஞ்சஸ்’ என்ற வரியில் இருக்கிறது: 7இ000000, 20000000, 02000000. பஸ் பக்கத்துத் தொடக்கம், சிபியூ பக்கத்துத் தொடக்கம், நீளம் என்ற வரிசை. 7இ200000-லிருந்து 7இ000000-ஐக் கழித்தால் 200000. அதை 20000000-உடன் கூட்டினால் 20200000.

எதிர்த் திசைக்கு இன்னொரு வரி இருக்கிறது, ‘டிஎம்ஏ-ரேஞ்சஸ்’: 40000000, 00000000, 20000000. சிபியூவுக்கு 0-ல் தொடங்குகிற ரேம், டிஎம்ஏ கன்ட்ரோலருக்கு 40000000-ல் தொடங்குகிறது என்று பொருள். சிபியூ 01000000 என்று அழைக்கும் பஃபரை டிஎம்ஏவிடம் 41000000 என்றுதான் சொல்ல வேண்டும். சரி, 40000000-ஐக் கூட்டிவிட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் ராஸ்பெரி பை 2-ல் அந்த எண் சி0000000 ஆக மாறிவிட்டது. அங்கே சி என்றால் 12. ரெஜிஸ்டர்களின் தொடக்கமும் 20000000-ஐ விட்டு 3எஃப்000000-க்குப் (எஃப் என்றால் 15) போய்விட்டது. கூட்டலை டிரைவருக்குள் எழுதி வைத்தவர்கள் எல்லாம் திருத்த வேண்டியிருந்தது. கர்னலிடம் கேட்டு வாங்கியவர்களுக்கு டிவைஸ் ட்ரீயில் இருந்த இரண்டு வரியே பார்த்துக்கொண்டது.

ஆக, திசை இரண்டு, கணக்கும் இரண்டு. சிபியூ சாதனத்தின் ரெஜிஸ்டரைத் தொடுவது ஒன்று. சாதனம் நம் ரேமைத் தொடுவது இன்னொன்று.

முதல் திசை சுலபம். டிவைஸ் ட்ரீயில் எழுதியிருக்கும் பிளாட்ஃபார்ம் சாதனமாக இருந்தால் டெவ்எம்_பிளாட்ஃபார்ம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ் என்று ஒரே அழைப்பு. ‘ரேஞ்சஸ்’ கணக்கை முடித்து, பயன்படுத்தத் தயாரான மெய்நிகர் முகவரியாகவே அது தந்துவிடும். பிசிஐ கார்டு என்றால் அதன் முகவரித் தொடக்கத்தை வைத்திருக்கும் பார் ரெஜிஸ்டரை கான்ஃபிக் பகுதியிலிருந்து நேராகப் படித்து, மெய்நிகர் முகவரியாக மேப் செய்யும் ஐஓரீமேப்புக்குக் கொடுக்காதீர்கள். அங்கே இருப்பது பஸ் முகவரி, ஐஓரீமேப் கேட்பது பௌதிக முகவரி. பிசிஐ_ரிசோர்ஸ்_ஸ்டார்ட் தருவதுதான் சிபியூ பக்கத்து எண். பிசிஐ_ஐஓமேப் பயன்படுத்தினால் அதுகூடத் தேவையில்லை. உங்கள் போர்டில் இரண்டும் வேறு வேறா என்று பார்க்க, எல்எஸ்பிசிஐ கட்டளையை ஒரு முறை வி கொடியோடும், இன்னொரு முறை அதனுடன் பி கொடியும் சேர்த்தும் ஓட்டுங்கள். பி கொடி, கார்டு தன் பக்கத்தில் பார்க்கிற முகவரிகளைக் காட்டும். மேப் செய்து கிடைத்ததைச் சாதாரண பாயின்டராக நினைத்துத் தொடக் கூடாது. ரீட்எல், ரைட்எல் என்ற படிக்கும், எழுதும் அழைப்புகள் வழியாகத்தான் போக வேண்டும்.

இரண்டாவது திசையில்தான் நான் மாட்டிக்கொண்டேன், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சாதனம் கிடைத்ததும் கர்னல் அழைக்கும் ப்ரோப் ஃபங்ஷனில் முதல் வேலையாக டிஎம்ஏ_செட்_மாஸ்க்_அண்ட்_கொஹீரென்ட் அழைத்து, சாதனத்துக்கு எத்தனை பிட் முகவரி எட்டும் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கர்னல் 32 பிட் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம், டிரைவர் இருக்கும்வரை இருக்கப்போகிற டிஸ்கிரிப்டர் வளையம் (கார்டுக்கான வேலைக் குறிப்புகளின் பட்டியல்) போன்றவற்றுக்கு டிஎம்ஏ_அலாக்_கொஹீரென்ட். அது இரண்டு முகவரி தரும்: நீங்கள் படிக்க ஒரு பாயின்டர், கார்டுக்குச் சொல்ல ஒரு பஸ் முகவரி. இரண்டும் வேறு வேறு பத்தியில் எழுத வேண்டியவை. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கணக்குப் போட முயலாதீர்கள்.

வந்து போகும் பஃபர்களுக்கு டிஎம்ஏ_மேப்_சிங்கிள். அது தரும் எண்ணை உடனே டிஎம்ஏ_மேப்பிங்_எரர் கொண்டு சோதியுங்கள். எண் 0 ஆக இருக்கிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது, ஏனென்றால் 0 செல்லுபடியாகும் பஸ் முகவரி. ஸ்டாக்கில் இருக்கும் மாறியையும் விமாலாக் கொடுத்த நினைவகத்தையும் இதற்குக் கொடுக்கக் கூடாது. மேப் செய்ததிலிருந்து அன்மேப் செய்யும்வரை அந்தப் பஃபர் சாதனத்தின் சொத்து. நடுவே எட்டிப்பார்க்க வேண்டுமென்றால் டிஎம்ஏ_சிங்க்_சிங்கிள்_ஃபார்_சிபியூ அழைத்துவிட்டுப் பாருங்கள். அன்மேப் செய்யும்போது அதே நீளம், அதே திசை.

கிடைத்த பஸ் முகவரியை டிஎம்ஏ_அட்ர்_டி வகை மாறியில் வையுங்கள். 32 பிட் மாறியில் போட்டால் மேல் பாதி சத்தமில்லாமல் வெட்டுப்படும். கார்டில் இரண்டு 32 பிட் ரெஜிஸ்டர்கள் இருந்தால் அப்பர்_32_பிட்ஸ், லோயர்_32_பிட்ஸ் கொண்டு பிரித்து எழுதுங்கள். மாறியின் பெயர் கடைசியில் ‘பஸ்’ என்று ஒட்டுவதையும் நான் விடுவதில்லை. தப்பான பத்தியிலிருந்து எடுத்தால் அந்த வரியைப் படிக்கும்போதே கண்ணில் உறுத்தும்.

பழைய நிரல்களில், மெய்நிகர் முகவரியை நேராகப் பஸ் முகவரியாக்கும் விர்ட்_டு_பஸ் என்ற அழைப்பைப் பார்க்கலாம். 2022-ல் வந்த 6.0 கர்னலில் பெரும்பாலான கட்டமைப்புகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். விண்டோஸிலும் இதே பாதைதான்: விண்டோஸ் என்டி காலத்து ஹால்டிரான்ஸ்லேட்பஸ்அட்ரஸ் வழக்கொழிந்துவிட்டது. இப்போது சாதனம் தொடங்கும்போது மூல முகவரிப் பட்டியல், மாற்றிய பட்டியல் என்று இரண்டு வந்து சேரும். மேப் செய்ய மாற்றிய பட்டியலைத்தான் எடுக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் டிஎம்ஏ ஏபிஐ டீபக் வசதியை இயக்கிய ஒரு கர்னலில் ஓட்டிப் பாருங்கள். அன்மேப் நீளம் மாறினாலோ, பிழைச் சோதனை விட்டுப்போனாலோ லாகில் திட்டும். பிறகு இன்டெல் கணினியில் ஐஓஎம்எம்யூவை இயக்கி, பாஸ்த்ரூ (முகவரியை மாற்றாமல் அப்படியே விடும் நிலை) இல்லாமல், ஒரு முறை ஓட்டுங்கள். கர்னலிடம் கேட்காமல் நீங்களாகக் கணக்குப் போட்ட முகவரிக்குக் கார்டு எழுதப் போனால், ஐஓஎம்எம்யூ அதைத் தடுத்து, எந்தச் சாதனம், எந்த முகவரி என்று லாகில் எழுதிவிடும். அந்த ஆர்ம் போர்டு வருவதற்கு முன்பே, எக்ஸ்86 கணினியிலேயே, என் ஒற்றை வரித் தப்பு பத்து நிமிடத்தில் அகப்பட்டிருக்கும்.