எடின்பரோவுக்கு வர்ற நம்ம வேலூர் ஜனங்களுக்கு: ஆகஸ்ட் மாச வாடகையும் அந்த 11 மாச அக்ரிமென்டும்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துல இருந்து ஸ்காட்லாந்து தலைநகரம் எடின்பரோவுக்குக் கெளம்பிக்கினு இருக்கற எல்லாருக்கும் சேத்து இத எழுதறேன். நர்ஸ் வேலைக்கு வர்றவங்க, காலேஜ் முடிச்சிட்டு எம்.எஸ்சி. படிக்க வர்றவங்க, ஐடி கம்பெனில டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கினு வர்றவங்க, யாரா இருந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. ஏன்னா என் சிநேகிதன் குடும்பம் வீட்டு விஷயத்துல பட்ட பாட்ட நான் பக்கத்துல இருந்து பாத்தேன், அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல.

ஆபீஸ் வேலைங்கள சட்டுனு சொல்லிட்டுப் போயிடறேன். ஈ-விசா அக்கவுன்ட்ட ஊர்லயே ஓபன் பண்ணி பாஸ்போர்ட் நம்பர் சரியா ஏறியிருக்கான்னு பாத்துடுங்க. வந்த உடனே பேங்க் அக்கவுன்ட், வரி, காப்பீட்டுக் கணக்குக்கான நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர், வீட்டுப் பக்கத்து கிளினிக்ல டாக்டர்கிட்ட பேர் பதியறது. ஸ்காட்லாந்துல டாக்டர் சீட்டுக்கு மருந்து காசில்லாமலே குடுப்பாங்க, அதனால ஊர்ல இருந்து ரெண்டு வருஷத்துக்கு மாத்திரை தூக்கிக்கினு வராதீங்க. 22 வயசு ஆகாத பசங்க கார்டு வாங்கிட்டா பஸ் ஃப்ரீ. ஃபுல்டைம் படிக்கறவங்களுக்கு கவுன்சில் டாக்ஸ், அதாவது நகராட்சிக்குக் கட்டற வீட்டு வரி, கிடையாது, ஆனா காலேஜ் லெட்டர அனுப்பி விலக்கு கேக்கணும். இதெல்லாம் ஆன்லைன்லயே முடியற வேலை, யார கேட்டாலும் சொல்லுவாங்க. யாரும் சொல்லாதது வீட்டு விஷயம்தான்.

இந்த ஊருக்கு ஆகஸ்ட்னு ஒரு மாசம் இருக்கு. 1947ல போர் முடிஞ்ச கையோட இங்க ஒரு சர்வதேச கலை விழா ஆரம்பிச்சாங்க, அதுக்கு அழைப்பே இல்லாம 8 நாடகக் குழு வந்து ஊர்ல கெடச்ச எடத்துல நாடகம் போட்டாங்க, அதுதான் வளந்து வளந்து இன்னிக்கு ஃப்ரிஞ்ச்னு சொல்றாங்க. இப்பல்லாம் வருஷத்துக்கு 3,000க்கு மேல நிகழ்ச்சி, 25 லட்சம் டிக்கெட்டுக்கு மேல விக்குது. அதே மாசம் கோட்டை வாசல்ல ராணுவ பேண்டு விழா, புத்தகத் திருவிழா வேற. ஊரோட ஜனத்தொகையே அஞ்சு லட்சத்து சொச்சம்தான், அப்ப நெனச்சுப் பாருங்க. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலைல ரூம் கேட்டுப் பாத்திருப்பீங்க, மத்த நாள்ல ஆயிரம் ரூபா சொல்ற லாட்ஜ்காரர் அன்னிக்கு இன்னா ரேட்டு சொல்லுவாருன்னு உங்களுக்கே தெரியும். அங்க அது ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும். இங்க மாசம் பூரா அதே ரேட்டு.

விழா மேல எனக்கு எந்தக் குறையும் இல்ல. ஆரணி பக்கத்துல பாட்டி ஊர்ல ராத்திரி பூரா பாரதக் கூத்து பாத்து வளந்தவன் நான், வேஷம் கட்டறவங்க கஷ்டம் தெரியும். ராயல் மைல்னு கோட்டையில இருந்து கீழ எறங்கற தெரு, அங்க ஆகஸ்ட்ல நாள் பூரா தெருவுலயே வித்தை காட்டுவாங்க, பாடுவாங்க, சும்மா நின்னு பாக்கலாம், புள்ளைங்கள கண்டிப்பா கூட்டிப் போங்க. அந்தக் கலைஞருங்களே ரூம் வாடகைக்கு அழுவறாங்க, ஆடி சம்பாதிச்சத விட தங்கறதுக்குக் குடுத்தது ஜாஸ்தின்னு போறவங்க எத்தினியோ பேர். என் கோவம் அவங்க மேல இல்ல. குடியிருக்கறவங்கள வெளிய அனுப்பிட்டு அந்த மாசத்த காசாக்கற ஆளுங்க மேல.

இப்ப என் சிநேகிதன் கதை. குடியாத்தத்துக்காரன். அவன் சம்சாரம் இங்க நர்ஸ், எனக்குக் கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி, மூணு வயசுல ஒரு பொண்ணு. செப்டம்பர்ல வந்தாங்க. கோர்கி பக்கம் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், பஸ் ஸ்டாப் வாசல்லயே, வாடகையும் அக்கம்பக்கத்த விட கொஞ்சம் கம்மி. ஓனர் வேற ஏரியால இருந்தாரு, நல்லா சிரிச்சு பேசுனாரு, ரெண்டு மாச வாடகைய டெபாசிட்டா வாங்கினாரு. ஊர்ல பத்து மாச அட்வான்ஸ் குடுத்துப் பழகினவங்களுக்கு ரெண்டு மாசம்னா பெருசாவே தெரியாது இல்லியா. அக்ரிமென்ட்ல செப்டம்பர் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும்னு போட்டிருந்தது. எண்ணிப் பாருங்க, 11 மாசம்.

நம்ம ஊர்ல வீட்டு அக்ரிமென்ட்னாலே 11 மாசம்தான். வருஷத்த தாண்டினா ரிஜிஸ்டர் பண்ணணும், ஸ்டாம்ப் செலவு ஆவும், அதனால 11 மாசம் போட்டுட்டு, முடிஞ்சதும் அதே பேப்பர்ல தேதிய மாத்தி அப்படியே ஓட்டிக்கினு போவோம், ஓனரும் கேக்க மாட்டாரு நாமளும் கேக்க மாட்டோம். அந்தப் பழக்கத்துல வந்தவங்களுக்கு இதப் பாத்தா எங்க சந்தேகம் வரும்? ஆனா இங்க வெளிய விட்ட அந்த ஒரு மாசம் ஆகஸ்ட். வேணும்னே விட்டது.

ஜூலை முதல் வாரம் மெசேஜ் வந்தது. 31ஆம் தேதி காலி பண்ணிடுங்க, நல்லா க்ளீன் பண்ணி சாவிய பெட்டில போட்டுடுங்க, விருப்பம் இருந்தா செப்டம்பர்ல புது அக்ரிமென்ட் போடலாம், வாடகை கொஞ்சம் ஏறும். தங்கச்சி எனக்கு போன் பண்ணி அழுவுது, "அண்ணா, ஆடி மாசத்துல யாராவது வீடு மாத்துவாங்களா, எங்கம்மாகிட்ட இன்னான்னு சொல்றது"ன்னு. ஊர்ல கூட ஆடில காலி பண்ணுன்னு சொல்ல வீட்டுக்காரங்களுக்கு வாய் வராது. நான் அன்னிக்கு வேற ஊர்ல வேலைல இருந்தேன், திரும்பி வர்றதுக்குள்ள மூட்டை கட்டிட்டாங்க, கையெழுத்து போட்டதுக்கு மரியாதை குடுக்கணும்னு நெனைக்கற ஜனங்க. ஆகஸ்ட்ல கொஞ்ச நாள் எங்க வீட்டு ஹால்ல படுத்தாங்க, அப்புறம் லிவிங்ஸ்டன்ல ஒரு ரூம், அப்புறம் கடல் தாண்டி கிர்கால்டில ஒரு ரூம், நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு அந்தப் பொண்ணு ரயில் ஏறிப் போய் கொழந்தைய பாத்துக்கணும்.

அந்த நடுவுல என் சிநேகிதன் ரூம் தேடிக்கினே ஒரு புக்கிங் சைட்ல அவங்க வீட்டையே பாத்துட்டான். ராத்திரி வாடகைக்கு. சமையக்கட்டு போட்டோல, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து ஆணில, குடியாத்தம் நகைக்கடை குடுத்த தினசரி காலண்டர் தொங்குது, கிழிக்காத தேதியோட, பல்லி விழும் பலன் எல்லாம் போட்ட காலண்டர். அவசரத்துல எடுக்க மறந்தது. ஒரு ராத்திரிக்கு அந்த ஓனர் கேட்டது இவங்க ஒரு வாரத்துக்குக் குடுத்த வாடகைய விட ஜாஸ்தி.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் இன்னான்னா, அவங்க அந்த வீட்ட விட்டு வந்திருக்கவே வேணாம். ஸ்காட்லாந்துல 2017 டிசம்பர் 1க்கு அப்புறம் ஒரு வீட்ட குடியிருக்க வாடகைக்குக் குடுத்தா அது பெரும்பாலும் ப்ரைவேட் ரெசிடென்ஷியல் டெனன்சிங்கற வாடகை ஒப்பந்தம். அதுக்கு முடிவு தேதியே கிடையாது. பேப்பர்ல ஜூலை 31ன்னு எழுதி நீங்க கையெழுத்து போட்டிருந்தாலும் அந்தத் தேதி செல்லாது. நீங்க போகணும்னா 28 நாள் முன்னாடி எழுதிக் குடுத்துட்டுப் போலாம். உங்கள அனுப்பணும்னா ஓனருக்குச் சட்டத்துல சொன்ன 18 காரணத்துல ஒண்ணு வேணும், விழா நேரத்துல ஜாஸ்திக்கு விடணும்னு ஒரு காரணம் அதுல இல்ல. காரணம் இருந்தாலும் முறைப்படி நோட்டீஸ் குடுக்கணும், நீங்க ஆறு மாசத்துக்கு மேல இருந்தா பெரும்பாலும் 84 நாள். அதுக்கப்புறமும் நீங்க எறங்கலன்னா அவர் வாடகை வழக்கு பாக்கற ட்ரிப்யூனலுக்குப் போய் உத்தரவு வாங்கணும், பூட்ட மாத்தறது சாமான வெளிய வெக்கறது எல்லாம் குத்தம். ஆகஸ்டுக்கு மட்டும் வாடகை ஏத்தறேன்னு சொன்னாலும் முடியாது, 12 மாசத்துக்கு ஒரு தடவைதான் ஏத்தலாம், அதுக்கும் மூணு மாசம் முன்னாடி எழுத்துல சொல்லணும். லண்டன்ல இருக்கற மாமா பையன் வேற மாதிரி சொல்லுவான், கேக்காதீங்க, இங்கிலாந்து சட்டம் வேற, இங்க வேற.

இன்னொண்ணு, ராத்திரி வாடகைக்கு விடறதுக்கும் 2023 அக்டோபர்ல இருந்து லைசென்ஸ் வேணும், விளம்பரத்துல அந்த லைசென்ஸ் நம்பர் இருக்கணும். அந்த வீட்டு விளம்பரத்துல நம்பரே இல்ல. அப்படிப் பாத்தீங்கன்னா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கவுன்சிலுக்கு எழுதுங்க, பயப்படாதீங்க, அதனால உங்க விசாவுக்கு ஒண்ணும் ஆவாது. இந்த ஊர் கவுன்சிலே 2023 நவம்பர்ல வீட்டு விஷயத்துல அவசரநிலைன்னு அறிவிச்ச கவுன்சில்.

டெபாசிட் விஷயம் இதோட ஒட்டினது. ஊர் மாதிரி அட்வான்ஸ் ஓனர் பையில இருக்கக் கூடாது. ரெண்டு மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாது, வாங்கினத 30 வேலை நாளுக்குள்ள சேஃப் டெபாசிட்ஸ் ஸ்காட்லாந்து, லெட்டிங் ப்ரொடெக்‌ஷன் சர்வீஸ் ஸ்காட்லாந்து, மை டெபாசிட்ஸ் ஸ்காட்லாந்து, இந்த மூணு டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்துல ஒண்ணுல கட்டணும், கட்டினதும் உங்களுக்கு மெயில் வரும். மெயில் வரலன்னா கட்டலன்னு அர்த்தம், உடனே கேளுங்க. ப்ரோக்கர் கமிஷன், சாவிக் காசு, ரூம புடிச்சு வெக்க காசு, எதுவும் இங்க வாங்கக் கூடாது. ஓனர் பேரு லேண்ட்லார்ட் ரெஜிஸ்டர்ல இருக்கான்னு வீட்டு அட்ரஸ் போட்டு ஆன்லைன்ல பாக்கலாம், காசு கட்டறதுக்கு முன்னாடி பாருங்க.

நான் சொன்ன பாதுகாப்பு ரெண்டு எடத்துல கெடைக்காது, இதையும் நல்லா மனசுல வெச்சுக்குங்க. ஒண்ணு, ஓனர் அதே வீட்ல உங்களோட குடியிருந்தா. "நம்ம ஆளு வீட்ல ஒரு ரூம் காலியா இருக்கு, சமையக்கட்டு சேந்து பொழங்கலாம்"னு போறவங்க, ஆகஸ்ட்ல இருக்கலாமான்னு மொதல்லயே கேட்டு மெசேஜ்ல பதில வாங்கிக்குங்க, பேச்சுல சொன்னது ஜூலை மாசம் காணாமப் போயிடும். ரெண்டாவது ஸ்டூடன்ட் ஹாஸ்டல். சில ஹாஸ்டல் ஒப்பந்தம் மே ஜூன்லயே முடிஞ்சிடும், அப்புறம் அந்த ரூம்ங்கள விழாவுக்கு வர்றவங்களுக்கு விடுவாங்க. ஆனா எம்.எஸ்சி. பசங்களுக்கு ஆய்வறிக்கை குடுக்கற மாசமே பெரும்பாலும் ஆகஸ்ட். 51 வார ஒப்பந்தம் இருக்கான்னு கேட்டு அதையே எடுங்க தம்பி, வாரக் கணக்குல கம்மியா தெரியறத எடுத்தீங்கன்னா கடைசி மாசம் லேப்டாப்ப தூக்கிக்கினு யார் வீட்டு சோபாவுலயாவதுதான் எழுதணும்.

ஆகஸ்ட்ல புதுசா வந்து எறங்கறவங்களுக்கு: முடிஞ்சா வராதீங்க. வேலை சேர்ற தேதிய செப்டம்பருக்குத் தள்ள முடியுமான்னு மெயில் போடுங்க, காரணத்த நேரா எழுதுங்க, இங்க இருக்கறவங்களுக்கு ஆகஸ்ட் பத்தி தெரியும், தப்பா எடுத்துக்க மாட்டாங்க. முடியலன்னா ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் இருக்கான்னு கேளுங்க. அதுவும் இல்லன்னா ஊருக்குள்ள தங்காதீங்க, கிளாஸ்கோல இருந்து ரயில் ஒரு மணி நேரம் கூட ஆகாது, ஃபால்கிர்க், டன்ஃபர்ம்லின், லிவிங்ஸ்டன் எல்லாம் அதை விடக் கிட்ட. 2025 செப்டம்பர்ல இருந்து ரயில்ல காலை நேர ஜாஸ்தி கட்டணத்தையும் எடுத்துட்டாங்க, அதனால கணக்கு போட்டா வெளியூர் ரூம்தான் லாபம். ஹோட்டல்ல தங்கி வீடு தேடலாம்னு நெனச்சா, 2026 ஜூலை 24ல இருந்து முதல் அஞ்சு ராத்திரிக்கு ரூம் காசுல 5 சதவீதம் சுற்றுலா வரியும் சேந்துக்குது. செப்டம்பர் வந்தா ரேட்டு எறங்கும்னு நம்பி ஒக்காந்திருக்காதீங்க, ராத்திரி ரேட்டு எறங்கும், ஆனா அந்த மாசம் ஸ்டூடன்ட்ஸ் கூட்டம் வந்துடும், ரூமே கெடைக்காது. ஜூன் மாசத்துலயே தேட ஆரம்பிங்க, நேர்ல பாக்காம காசு அனுப்பாதீங்க, உங்களுக்காகப் போய்ப் பாக்க இங்க நம்ம ஜனங்க இருக்கோம்.

என் சிநேகிதன் சும்மா விடல, அது எனக்குப் பெருமை. ஓனர் டெபாசிட்ட எந்தத் திட்டத்துலயும் கட்டாம கையிலயே வெச்சிருந்தாரு, சொவத்துல கறைன்னு சொல்லி பாதிய புடிச்சாரு. வீடு விட்ட மூணு மாசத்துக்குள்ள ட்ரிப்யூனல்ல மனு போட்டான், அதுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்ல. டெபாசிட் கட்டாத ஓனருக்கு அதுல மூணு மடங்கு வரைக்கும் அபராதம் போட ட்ரிப்யூனலுக்கு அதிகாரம் இருக்கு. மனு ஓனருக்குக் கெடச்ச கையோட முழு டெபாசிட்டும் திரும்பி வந்தது, அதோட விடாம நடத்தி மேல ஒரு தொகையும் வாங்கினான். மூணு மாசம் தாண்டிட்டா அந்த மனு போட முடியாது, அதனால ஊருக்குப் போயிட்டு வந்து பாக்கலாம்னு தள்ளாதீங்க.

இப்பவே கையில ஜூலைல முடியற பேப்பர் வெச்சிருக்கறவங்க, காலி பண்ணுன்னு மெசேஜ் வந்தா சரின்னு பதில் போட்டுடாதீங்க. வீட்டுப் பிரச்சனைக்கு உதவற தொண்டு அமைப்பு ஷெல்டர் ஸ்காட்லாந்துக்கு போன் போடுங்க, காசு வாங்க மாட்டாங்க, இல்லன்னா இலவசமா ஆலோசனை சொல்ற சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆபீஸுக்கு அக்ரிமென்ட்ட எடுத்துக்கினு போங்க. ஓனர்கிட்ட போன்ல பேசாதீங்க, எதுவா இருந்தாலும் எழுத்துல கேளுங்க. புதுசா கையெழுத்து போடப் போறவங்க போடறதுக்கு முன்னாடி பேப்பர எனக்கு அனுப்புங்க, வேலை முடிஞ்சு ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒக்காந்து படிச்சு சொல்றேன், மொதல்ல பாக்கறது முடியற தேதியதான்.