பல் கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தவர்களுக்கு: பின்னறை வேலையும் சேர் பக்க வேலையும்

நான் பல் கிளினிக் வேலைக்கு வந்து 17 வருடம் ஆகிறது. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் வாரம் அவர்களை டாக்டர் பக்கத்தில் நிற்க விடமாட்டேன். கருவி கழுவும் பின்னறையில்தான் நிறுத்துவேன். சேரில் படுத்திருப்பவருக்கு எவ்வளவு வலிக்கும், எவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும், வாய்க்குள் போகிற தண்ணீர் சுத்தமா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த அறையில்தான் முடிவாகிறது. அந்த வாரத்தில் சொல்லித் தருவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காலையில் முதல் வேலை தண்ணீர். சேருக்குள் ஓடும் குழாய்கள் மிக மெல்லியவை. இரவு முழுக்க தண்ணீர் அசையாமல் நிற்கும்போது உள்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் படிந்து, அதில் கிருமிகள் குடியேறிவிடும். சிகிச்சைத் தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 கிருமித் தொகுதிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. வெறுமனே தண்ணீரைத் திறந்துவிட்டால் அந்தப் படலம் போகாது. சேர் தயாரித்தவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாளில் போட வேண்டும். அப்புறம், ஒவ்வொருவருக்கும் சிகிச்சை முடிந்ததும் ஹேண்ட்பீஸ் (பல்லைக் குடையும் கருவி), ஸ்கேலர் (பல் காரையை எடுக்கும் கருவி), தண்ணீர் பீச்சும் சிரிஞ்சு மூன்றையும் 20 முதல் 30 விநாடி ஓடவிடுங்கள். முந்தையவரின் எச்சில் உள்ளே இழுக்கப்பட்டிருந்தால் அதை வெளியே தள்ளுவதற்காக இது.

கருவி கழுவுவதில் பாதி வெற்றி, ரத்தம் காய்வதற்கு முன்பே வேலையைத் தொடங்குவதில் இருக்கிறது. உடனே கழுவ நேரமில்லையா? ஈரப்பதம் தரும் நுரையைத் தெளித்து, மூடியுள்ள கெட்டியான பெட்டியில் வையுங்கள். கழுவும்போது சிகிச்சைக்குப் போடும் மெல்லிய கையுறை போதாது, தடித்த ரப்பர் கையுறை வேண்டும். கையால் தேய்ப்பதைவிட ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டி நல்லது. விரலில் குத்திக்கொள்ளும் ஆபத்து குறையும். தொட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மெல்லிய அலுமினியத் தாளைச் சிறிது நேரம் அதில் தொங்கவிட்டு எடுப்பேன். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் குழியும் துளையும் விழுந்திருந்தால் சரி. ஒரு பக்கம் வழவழவென்று அப்படியே இருந்தால் அந்தப் பக்கம் கருவி சுத்தமாகவில்லை. பல்லை நெம்பும் எலிவேட்டர் இடுக்கிலும் பல்லைப் பிடுங்கும் ஃபோர்செப்ஸ் பற்களிலும் கறை ஒட்டியிருந்தால், ஆவிச் சூட்டில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்தாலும் அதன் அடியில் ஆவி புகாது. கழுவாத கருவியை ஆட்டோகிளேவில் வைப்பது அழுக்கைச் சமைப்பதுதான்.

பவுச்சில் (ஆட்டோகிளேவில் வைக்கக் கருவியைப் போட்டு மூடும் காகிதப் பை) போடும் முன் கருவி காய்ந்திருக்க வேண்டும். கத்தரி, ஃபோர்செப்ஸ் போன்றவற்றைத் திறந்த நிலையில் வையுங்கள். 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம், 134 டிகிரியில் 3 நிமிடம் என்று சொல்வது வெப்பம் முழுதாக ஏறிய பிறகு எண்ணும் நேரம். சூடேறுவதும் உலர்வதும் அதில் சேராது. பவுச் போட்ட கருவிக்கு எந்தச் சுற்று என்பதை உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் பாருங்கள். காற்றை உறிஞ்சி எடுக்காத சாதாரண இயந்திரத்தில் ஹேண்ட்பீஸ் மாதிரி உள்ளே குழலுள்ள கருவியை வைத்தால், குழலில் சிக்கிய காற்று ஆவியை உள்ளே விடாது.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் மாலை நேரக் கூட்டத்தைச் சமாளிக்க டிரேயில் பவுச்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவோம். ஈரத்தோடு வெளியே எடுத்து அலமாரியில் வைப்போம். ஈரமான காகிதம் திரி போல வெளிக்கிருமியை உள்ளே இழுக்கும் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. இன்று என் கையில் ஈரமான பவுச் வந்தால், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அதைப் பிரித்து, புது பவுச் போட்டு, முதலிலிருந்து சுற்று ஓட்டுவேன். பவுச் மேலுள்ள நிறம் மாறியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அது சூடு பட்டது என்று சொல்லுமே தவிர கிருமி செத்தது என்று சொல்லாது. அதற்கு வாரம் ஒருமுறை ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற கிருமியின் வித்துகளை வைத்துச் செய்யும் சோதனை இருக்கிறது. ஆவிச் சூட்டை மிக நன்றாகத் தாங்கும் அந்த வித்துகளே செத்தால்தான் இயந்திரத்தை நம்பலாம்.

ஹேண்ட்பீஸை வெளியே துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கவே கூடாது. சுழற்சி நிற்கும் கணத்தில் அது எச்சிலையும் ரத்தத்தையும் தன் தலைக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொருவருக்கும் கழுவி, எண்ணெய் விட்டு, சில விநாடி ஓட்டி மிகுதி எண்ணெயை வெளியேற்றி, பிறகுதான் ஆட்டோகிளேவ். எண்ணெய் போதாமல் பேரிங் தேய்ந்தால் சத்தம் கீச்சென்று மாறும், தலை சூடாகும். மரத்துப்போன வாயில் சூடு தெரியாது. பின்பக்க பட்டன் கன்னத்தில் அழுந்தி வெந்துபோன புண்ணோடு ஒருவர் மறுநாள் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பராமரிப்பு தவறினால் நோயாளியின் உடம்பில்தான் அது தெரியும். ஹேண்ட்பீஸில் மாட்டும் குடையும் முனையான பர்ரும் அப்படியே. மழுங்கிய பர்ரால் டாக்டர் அழுத்த வேண்டியிருக்கும், சூடும் அதிர்வும் கூடும், நேரமும் நீளும். மழுங்கியதைத் தயங்காமல் தள்ளுங்கள்.

மாலையில் வாய்த் திரவத்தை உறிஞ்சும் சக்‌ஷன் குழாய்க்கு அதற்கான நுரை வராத திரவத்தை விடுங்கள். பிளீச் வேண்டாம். உள்ளே தங்கியிருக்கும் அமால்கம் (பாதரசம் கலந்த பல் அடைப்பு) துகளிலிருந்து பாதரசத்தைக் கிளப்பிவிடும். காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் தொட்டியில் சேர்ந்த தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

இனி சேர் பக்கம். கிருமிநாசினியைத் தெளித்த உடனே துடைத்தால் பயனில்லை. லேபிளில் போட்டிருக்கும் நேரம் வரை மேற்பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும். எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டால் கவ்வி மூடச் சொல்லாதீர்கள். அப்படிச் செய்தால் குழாயிலிருந்து பழைய திரவம் அவர் வாய்க்கே திரும்பலாம். வாய் திறந்திருக்கும்போதே உறிஞ்சிவிடுங்கள்.

சிகிச்சை தொடங்கும் முன் நான் ஒன்று சொல்லுவேன்: "இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவோம்." சொன்னபடி முதல் தடவையே நிறுத்த வேண்டும், ஒரு விநாடிகூடத் தாமதிக்காமல். அதற்கப்புறம் பெரும்பாலானவர்கள் கையைத் தூக்குவதே இல்லை. உதட்டு ஓரத்தில் வாசலின் தடவுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். மரப்பு ஜெல் தடவும் முன் ஈறை உலர்த்தி, ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்தால்தான் அது வேலை செய்யும். ஊசி டிரேயை அவர் முகத்துக்கு நேரே நீட்டாமல் மோவாய்க்குக் கீழாகக் கொடுங்கள். ஊசியின் மூடியைத் திரும்பப் போடும்போது இரண்டு கையையும் பயன்படுத்தாதீர்கள். மூடியை டிரேயில் வைத்து, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைக்க வேண்டும்.

முடிந்ததும் சேரை ஒரேயடியாக நிமிர்த்தாதீர்கள். வெகுநேரம் படுத்திருந்தவருக்குத் தலை சுற்றும். பாதி நிமிர்த்தி, ஒரு நிமிடம் பேச்சுக் கொடுத்து, பிறகு முழுதாக நிமிர்த்தி, அவர் கால் தரையில் ஊன்றிய பிறகு கையுறையைக் கழற்றிக் கை கழுவுங்கள்.