உங்கள் ஊருக்கு வெளிநாட்டு விமானம் கேட்கிறீர்களா? மனுவில் இருக்க வேண்டியவை

வர்த்தக சங்கங்களும் பயணிகள் நலச் சங்கங்களும் கொடுக்கும் விமான மனுக்களில் பல தவறான மேசைக்குப் போகின்றன. விமான நிலைய இயக்குநரால் விமானம் விட முடியாது. பெரும்பாலான ஊர்களில் ஓடுபாதையும் முனையமும் இந்திய விமான நிலைய ஆணையத்தின் பொறுப்பு. எந்த ஊருக்குப் பறப்பது என்பது விமான நிறுவனத்தின் முடிவு. வெளிநாட்டு நிறுவனம் இறங்க உரிமை வேண்டுமானால் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் மனம் வைக்க வேண்டும். ஆகவே மனு எழுதும் முன், தடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

முதலில், நீங்கள் விமானம் கேட்கும் நாட்டோடு இந்தியா செய்துகொண்ட இருதரப்பு விமான ஒப்பந்தத்தைப் பாருங்கள். அந்த நாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் எந்தெந்த ஊர்களில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பது அதில்தான் இருக்கும். திருச்சியின் வளர்ச்சியே இதற்குச் சரியான பாடம். ஆசியான் (தென்கிழக்காசியக் கூட்டமைப்பு) நாட்டு நிறுவனங்கள் இருக்கை வரம்பின்றி வரலாம் என்று இந்தியா திறந்துவிட்ட 18 ஊர்களில் திருச்சியும் ஒன்று. ஸ்கூட், ஏர் ஏசியா, பாத்திக் ஏர், வியட்ஜெட் எல்லாம் அங்கே வந்ததற்கு இது பெரிய காரணம். அதே திருச்சியில் துபாய் நிறுவனமான எமிரேட்ஸ் இறங்க உரிமை இல்லை. துபாய் சேவையை நம் நிறுவனங்கள்தான் நடத்துகின்றன. துபாய் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்கு ஏறத்தாழ 66,000 இருக்கைதான். இந்திய நிறுவனம் எந்த ஊரிலிருந்தும் கிளம்பலாம் என்றாலும், அந்த ஒதுக்கீட்டுக்குள்தான் பறக்க வேண்டும். எனவே வளைகுடா சேவைக்கு இந்திய நிறுவனத்தையும், உரிமை விரிவுக்கு அமைச்சகத்தையும் தனித்தனியே அணுகுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலந்தால் இருவருமே பதில் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது எண்கள். ஆணையம் மாதந்தோறும் வெளியிடும் போக்குவரத்து அறிக்கையில், பன்னாட்டுப் பயணிகள் எண்ணிக்கையை பன்னாட்டு விமான இயக்கங்களின் எண்ணிக்கையால் வகுங்கள். உதாரணமாக, 1,20,000 பயணிகள், 800 இயக்கங்கள் என்றால் ஓர் இயக்கத்துக்கு 150 பேர். 186 இருக்கை கொண்ட ஏ320 விமானமாக வைத்துக்கொண்டால் சுமார் 81 சதவீதம் நிரம்புகிறது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வருவோரும் போவோரும் சேர்த்தே எண்ணப்படுகிறார்கள், வந்து இறங்குவது ஓர் இயக்கம், கிளம்புவது இன்னொன்று. 1,20,000 பேர் வெளிநாடு போனார்கள் என்று எழுதினால் நிறுவனத்தின் திட்டமிடல் பிரிவு அந்த வரியோடு மனுவை மூடிவிடும்.

தினசரி ஒரு சேவைக்கு என்ன தேவை என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 186 இருக்கை, போக வர இரு முறை, 365 நாள், 80 சதவீத நிரப்பு: ஆண்டுக்குச் சுமார் 1,08,600 பயணிகள். இவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதுதான் மனுவின் உயிர். ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்குவதை விட, சுற்றுவட்டார டிராவல் ஏஜென்ட்டுகளிடம் மூன்று மாத டிக்கெட் விவரம் வாங்குவது பலமடங்கு மேல். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் வேண்டாம். ஒரு வரி இப்படி இருந்தால் போதும்: அஞ்சல் குறியீடு 622001, சென்னை வழியாக, கோலாலம்பூர், வெள்ளி இரவு, திரும்புவது 14ஆம் நாள், 30 கிலோ லக்கேஜ், கட்டணம் இவ்வளவு. பக்கத்து விமான நிலையத்துக்கு ஓடும் கூட்டம் இதில்தான் தெரியும். பள்ளி விடுமுறைக் கூட்டத்தை மட்டும் எடுத்து ஆண்டு முழுதுக்கும் பெருக்காதீர்கள். ஒரு நெரிசல் மாதமும் ஒரு மந்த மாதமும் கட்டாயம் இருக்கட்டும்.

சரக்கையும் சேருங்கள். பயணிகள் நிரம்பிய ஏ320 அடிவயிற்றில் லக்கேஜ் போக மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு, மூன்று டன்தான். காய்கறி, பூ என்றால் நாளொன்றுக்கு எத்தனை டன், எத்தனை மணிக்குப் பேக்கிங் முடியும் என்று எழுதுங்கள். காலையில் கட்டிய பூவுக்கு நள்ளிரவு விமானம் உதவாது.

ஓடுபாதையை மறக்க வேண்டாம். திருச்சியில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய முனையம் ஆண்டுக்கு 44 லட்சம் பேரைக் கையாளும். ஓடுபாதையோ சுமார் 2,480 மீட்டர். ஏ320, 737 ரகங்களுக்குச் சிக்கலில்லை. அகலமான பெரிய விமானம் முழு எடையோடு, அதுவும் வெயில் நேரத்தில், நெடுந்தூரம் கிளம்ப இது போதாது. காற்று சூடானால் அடர்த்தி குறையும், இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், ஓட வேண்டிய தூரம் கூடும். லண்டன் நேரடி விமானம் கேட்பவர்கள் முதலில் ஓடுபாதை நீட்டிப்புக்கான நிலத்துக்குக் குரல் கொடுக்க வேண்டும். சுங்கமும் இமிக்ரேஷனும் நீங்கள் கேட்கும் நேரத்தில் பணியில் இருக்கின்றனவா என்பதையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, நாள். கோடை அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறும், குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறும் தொடங்கும். நிறுவனங்கள் ஸ்லாட் (விமானம் இறங்க, கிளம்ப ஒதுக்கப்படும் நேரம்) கேட்பது அதற்கு ஐந்தாறு மாதம் முன்பே முடிந்துவிடும். கோடைக்கு முந்தைய ஆகஸ்டிலும், குளிர்காலத்துக்கு மார்ச்சிலும் மனு நிறுவனத்தின் வழித்தடத் திட்டமிடல் பிரிவில் இருக்க வேண்டும். இரண்டு பக்கக் கடிதம், ஒரு அட்டவணை, டிக்கெட் விவரக் கோப்பு: இவ்வளவு போதும். பொன்னாடை, புகைப்படம் எதுவும் தேவையில்லை.