கிட்டாரில் இரண்டு குரல்கள்: முதலில் ஒன்றைப் பாடுங்கள்

கவுண்டர்பாயிண்ட், அதாவது தனித்தனி மெட்டுகளை ஒரே நேரத்தில் இழைத்து வாசிப்பது, பழக விரும்புகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இ மைனர் லூட் (கிட்டார் போன்ற பழைய நரம்புக்கருவி) தொகுப்பில் (பாக் படைப்புப் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 996) வரும் பூரே என்ற நடன இசை. மேலே ஒரு மெட்டு, கீழே ஒரு மெட்டு, அவ்வளவுதான். தொடக்கத்திலேயே மேல்குரல் ஏற, கீழ்க்குரல் இறங்குகிறது. அந்த எதிரோட்டம்தான் இதன் அழகு!

இசைக்குறிப்பில் சுரக்குறியின் காம்பு (அதிலிருந்து நீளும் கோடு) மேல்நோக்கியிருப்பவை மேல்குரல், கீழ்நோக்கியிருப்பவை கீழ்க்குரல். கீழ்க்குரலைக் கட்டைவிரலால் மட்டும் நான்கு அளவுகள் (இசைக்குறிப்பில் கோடிட்டுப் பிரித்த தாளப் பகுதிகள்) வாசியுங்கள். அதைத் தனியாகப் பாடியும் பாருங்கள். பிறகு மேல்குரலை ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மாற்றி மாற்றி மீட்டுங்கள். தனியாகப் பழகும்போதும் இடக்கை விரல்கள், இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது வரும் இடங்களிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் பின்னால் எல்லாவற்றையும் மாற்றிப் பழக நேரும்.

சேர்த்து வாசிக்கும்போது பெரும்பாலோர் தவறுவது ஓர் இடத்தில்: மேல்குரல் நகர்ந்ததும் கீழ்ச்சுரத்தை அழுத்திய விரலும் எழுந்துவிடுகிறது. அடுத்த கீழ்ச்சுரம் வரும்வரை அதை எடுக்காதீர்கள். மிக மெதுவாக, கீழ்க்குரலைப் பாடிக்கொண்டே இரண்டையும் வாசியுங்கள். பாட்டு எங்கே அறுந்துபோகிறதோ, அந்த அளவை மட்டும் தனியே எடுத்துப் பழகுங்கள்.