பழைய தமிழ் நூலை வலையேற்றும் முன் பார்க்க வேண்டியவை

பரணில் கிடக்கும் புத்தகத்தை ஸ்கேன் செய்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை. அதை வலையேற்றலாமா என்று பார்ப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தாள் பழுத்துவிட்டது, பதிப்பகம் மூடிவிட்டது, கடையில் கிடைப்பதில்லை என்பதெல்லாம் சட்டத்தின் முன் செல்லாது. முதலில் தேட வேண்டியது ஆசிரியர் இறந்த ஆண்டு.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. இறந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள். அடுத்து வரும் ஜனவரி 1இலிருந்துதான் கணக்கு. கல்கி மறைந்தது 1954 டிசம்பர் 5. உரிமை 2014 டிசம்பர் 31 வரை. (அவர் எழுத்துகள் அதற்கு முன்பே நாட்டுடைமை ஆகிவிட்டன, அதாவது அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிவிட்டது என்பது வேறு.) இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக இறந்தவரை வைத்து எண்ண வேண்டும். இறந்தபின் முதன்முறையாக அச்சேறிய நூலுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60. புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யாரென்றே தெரியாவிட்டாலும் இதே கணக்குதான்.

பிறகு புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை புரட்டி, யார் யார் கைவண்ணம் உள்ளே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்: மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், உரையாசிரியர், முன்னுரை எழுதியவர், ஓவியர். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இறந்த ஆண்டு. சிக்கல் வருவது பெரும்பாலும் இங்கேதான். குறள் எவர் சொத்தும் அல்ல. அதற்கு எழுதிய புத்துரை அப்படியில்லை. ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது படம் வரைந்த மணியம் மறைந்தது 1968இல். ஆகவே கல்கியின் எழுத்தை இன்று தாராளமாகப் போடலாம், அந்தப் படங்களுக்கு 2029 ஜனவரி 1 வரை பொறுக்க வேண்டும். நாட்டுடைமை ஆணையும் எழுத்தாளரின் எழுத்துக்குத்தான், ஓவியரின் படத்துக்கு அல்ல. உரிமை தீராத பக்கங்களை எடுத்துவிட்டு மற்றதை ஏற்றுங்கள்.

மறுபதிப்பில் ‘உரிமை பதிப்பகத்தாருக்கு’ என்று இருந்தால் மிரள வேண்டாம். பழைய பாடத்தைத் திரும்ப அச்சுக்கோப்பதால் புது உரிமை முளைக்காது. புதிதாகச் சேர்த்த அடிக்குறிப்புக்கும் அட்டைக்கும் மட்டும் உண்டு. முடிந்தால் பழைய பதிப்பையே ஸ்கேன் செய்யுங்கள், தொல்லை இல்லை.

இறந்த ஆண்டு கிடைக்காவிட்டால் நினைவு மலர்கள், மறுபதிப்பு முன்னுரைகள், நூலகப் பட்டியல்கள் ஆகியவற்றில் தேடலாம். நாட்டுடைமை நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் பார்க்கலாம். எங்குமே கிடைக்கவில்லையா, ஸ்கேன் உங்கள் வட்டிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று: விக்கிப்பீடியாவுக்கான பொதுக் கோப்புக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுவதானால் இந்தியக் கணக்கு மட்டும் போதாது, அமெரிக்காவிலும் உரிமை தீர்ந்திருக்க வேண்டும். அங்கே பழைய நூல்களுக்குப் பொதுவாக வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள். இலங்கையில் ஆசிரியர் இறந்தபின் 70. எதில் ஏற்றினாலும் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் விடாமல் ஸ்கேன் செய்து, இறந்த ஆண்டை எங்கே பார்த்தீர்கள் என்பதையும் கோப்பின் விவரத்தில் எழுதிவிடுங்கள். யாராவது நீக்கச் சொல்லிக் கேட்டால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.