டிக்கியில் தண்ணீரா? சிலிக்கான் டியூபைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

கார் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும் பலரும் முதலில் மாற்றுவது டிக்கியின் ரப்பர் பீடிங்கைத்தான். அவசரம் வேண்டாம். டிக்கியில் தாழ்வான இடம் அந்தப் பள்ளம். தண்ணீர் எங்கே நுழைந்தாலும் தகட்டோடு ஊர்ந்து அங்கேதான் வந்து சேரும். பீடிங் மேல் சந்தேகம் என்றால், ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து டிக்கியை மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் வேறு இடத்தைத் தேடலாம்: டெயில் லைட் கேஸ்கெட் (லைட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீரைத் தடுக்கும் பட்டை), தகடுகள் சேரும் இடத்தில் வெடித்த சீலர் (இடைவெளியை அடைக்கும் பசை), மேல் பிரேக் லைட், ஆன்டெனாவின் அடி, பம்பருக்குப் பின்னால் இருக்கும் காற்று வென்ட். ஹேட்ச்பேக்கில் பின் வைப்பருக்குத் தண்ணீர் போகும் டியூப் கழன்றிருந்தால் மழை இல்லாமலே நனையும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

அடுத்த தவறு, பிரஷர் வாஷரை வைத்துச் சோதிப்பது. அந்த வேகத்தில் நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும். குற்றவாளி யாரென்றே தெரியாது. சாதாரண ஹோஸ் போதும். கார்பெட்டையும் பக்கத்து டிரிம்மையும் கழற்றி, உள்ளே நன்றாகத் துடைத்து, டால்கம் பவுடரைத் தூவுங்கள். தண்ணீர் வந்த தடம் அதில் கோடாகத் தெரியும். பின் சீட்டை மடக்கி, ஒருவர் டார்ச்சோடு உள்ளே பார்த்துக்கொண்டிருக்கட்டும். வெளியே இருப்பவர் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிதானமாகத் தண்ணீர் விட வேண்டும். எடுத்த எடுப்பில் மேலே ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், அப்புறம் எதைச் சந்தேகிப்பது?

இடம் தெரிந்ததும் வெளியே சிலிக்கான் பசையை அப்பிவிடுவதுதான் எனக்குப் பிடிக்காத வேலை. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்டும் ஒட்டாது. டெயில் லைட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புது கேஸ்கெட்டோ, பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் நாடாவோ வையுங்கள். நட்டை அளவோடு முறுக்குங்கள், பிளாஸ்டிக் விரிசல் விட்டால் அதுவே புது ஒழுகல். தகட்டு இணைப்பு என்றால் பழைய சீலரை எடுத்து, காயவைத்து, வண்டிக்கென்றே உள்ள சீம் சீலர் போட வேண்டும்.

வென்ட்டை மட்டும் மொத்தமாக அடைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேறும் வழி அது. அடைத்தால் கண்ணாடியில் பனி படியும், கதவை மூடுவதும் கஷ்டம். அதன் ஓரத்து சீல் சரியாக இருந்தால் போதும்.

சீலர் இறுகியதும் மறுபடி ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் முழுக்கக் காய்ந்த பிறகே அதைத் திரும்பப் போடுங்கள்.